வர்க்கமூலம் எங்கே முடிகிறது: கேடெக்கோடு பழகிய அனுபவம்

இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைத் தொலைபேசியில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். "மைனஸ் பி, ப்ளஸ் ஆர் மைனஸ், ரூட் பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏ சி, பை ரெண்டு ஏ." எதிர்முனையில் இருப்பவர் எழுதியதை வாங்கிப் பார்த்தால், ஒருவர் ரூட்டை பி ஸ்கொயரோடு நிறுத்தியிருப்பார். இன்னொருவர் ரூட்டுக்கு அடியில் மட்டும் ரெண்டு ஏ போட்டு, மைனஸ் பி-யைத் தனியாக வெளியே விட்டிருப்பார். இரண்டு பேரும் கேட்டதைத்தான் எழுதினார்கள். கோடு எதுவரை நீள்கிறது என்பதை நான் சொல்லவே இல்லை.

நான் மேல்வகுப்புக் கணித ஆசிரியை. பாடக் குறிப்புகளை இணையப் பக்கங்களாகப் போடுவது என் பல வருடப் பழக்கம். ஆரம்பத்தில் சூத்திரங்களை எல்லாம் படமாக்கிச் செருகினேன். பார்ப்பதற்கு ஓரளவு சுமாராகவே இருக்கும். பெரிதாக்கினால் விளிம்பு மங்கும், வரியின் நடுவே வரும் சின்ன எக்ஸ் ஒரு நூல் மேலே ஏறி நிற்கும். சரி, படிக்க முடிகிறதே என்று விட்டுவைத்திருந்தேன். பார்வையில்லாத ஒரு மாணவன் என் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பக்கங்கள் எவ்வளவு வெறுமையானவை என்று தெரிந்தது. திரைவாசிப்பானில் என் பாடத்தைக் கேட்டுவிட்டு அவன் அனுப்பிய செய்தி இது: "டீச்சர், தமிழ் நல்லா படிக்குது. கணக்கு வர்ற இடத்துல எல்லாம் படம், படம்னு மட்டும் சொல்லுது."

அன்றைக்கு ஆரம்பித்த தேடல் கடைசியில், இணையப் பக்கத்தில் சூத்திரங்களை வரைந்து காட்டும் கேடெக் என்ற நிரலில் வந்து நின்றது. எழுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களை அதற்கு மாற்றி, நாலு வருடமாக நாள்தோறும் புழங்கிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் நான் போனது மேத்ஜாக்ஸிடம். இணையத்தில் கணிதம் எழுதும் யாரும் முதலில் கேள்விப்படும் பெயர் அதுதான். அமெரிக்கக் கணிதக் கழகம், பயன்பாட்டுக் கணிதத்துக்கான சியாம் கழகம், டிசைன் சயன்ஸ் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2009-ல் தொடங்கிய திட்டம்; அடுத்த ஆண்டே வெளிவந்தது. அதற்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். டெக் முறையில், அதாவது பின்சாய்கோட்டோடு தொடங்கும் கட்டளைகளால், சூத்திரத்தை எழுதி, பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும், எந்த உலாவியிலும் பின்னமும் மூலமும் ஒழுங்காக எழும்பி வரும். ஆனால் நான் பயன்படுத்தியது பழைய இரண்டாம் பதிப்பு. பக்கம் திறந்ததும் டெக் கட்டளைகள் அப்படியே தெரியும், பிறகு ஒவ்வொன்றாகச் சூத்திரமாக மாறும், மாறும்போது கீழே உள்ள பத்தி எல்லாம் இறங்கும். ஒரு கணக்கைப் பாதி படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த வரி கண்முன்னே நகர்ந்து போய்விடும். 2019-ல் வந்த மூன்றாம் பதிப்பை முழுவதும் புதிதாக எழுதினார்கள், வேகமும் கூடியது. அதற்குள் நான் கேடெக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

கேடெக் 2014-ல் கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளத்திலிருந்து வந்தது. அதன் வேகத்துக்குக் காரணம் எளிமையானது. தன் எழுத்துருவில் உள்ள ஒவ்வொரு எழுத்தின் உயரம், ஆழம், அகலம் எல்லாவற்றையும் அது முன்கூட்டியே அளந்து கையில் வைத்திருக்கிறது. பக்கத்தில் எழுத்தைப் போட்டுப் பார்த்து, அளந்து, திரும்பத் திருத்த வேண்டிய வேலையே இல்லை. சூத்திரத்தைக் கொடுத்தால் ஒரே மூச்சில் இணையப் பக்க மொழியான எச்டிஎம்எல் ஆக்கிக் கொடுத்துவிடும். இதனால் இன்னொரு நன்மை: அந்த வேலையை வாசகரின் உலாவியில் செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்தைத் தயாரிக்கும்போதே என் கணினியில் ஓட்டிவிடுகிறேன். பிள்ளைகளின் கைக்குப் போவது முடிந்த பக்கம். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரி கூட வேண்டாம். பழைய போனில் திறந்தாலும் சூத்திரம் பத்தியோடு சேர்ந்தே வந்து நிற்கிறது, எதுவும் குதிப்பதில்லை.

அழகைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதே இருபடிச் சூத்திரத்தைக் கேடெக்கில் போட்டு நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் வரும் மைனஸ், பி-யை ஒட்டிக்கொண்டு நிற்கும். ரூட்டுக்குள் வரும் மைனஸுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் இருக்கும். இரண்டும் ஒரே குறிதான், நான் தட்டியதும் ஒரே பொத்தான்தான். முதலாவது பி-யின் குறியைச் சொல்கிறது, இரண்டாவது ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கிறது என்ற வேறுபாடு அந்த இடைவெளியில் தெரிகிறது. மாறிகள் சாய்ந்த எழுத்தில் வரும், சைன், லாக் போன்றவை நிமிர்ந்து நிற்கும். அடுக்குக்குமேல் அடுக்கு வந்தால் இரண்டு படி வரை அளவு குறையும். இந்த விதிகள் எல்லாம் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத்திடமிருந்து வந்தவை. தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சு நகல் மனதுக்குப் பிடிக்காமல், 1977-ல் அவர் டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை உருவாக்கும் வேலையில் இறங்கினார். கேடெக்கின் எழுத்துரு வடிவங்களும் அவர் வரைந்த கம்ப்யூட்டர் மாடர்ன் குடும்பத்தின் வழி வந்தவைதான். வகுப்பில் கரும்பலகையில் இந்த இடைவெளிகளைக் கவனமாக விட்டு எழுதுவேன். அதைத் திரையிலும் பார்த்தபோது கிடைத்த நிறைவு பெரியது.

இப்போது வழியில் இடறிய இடங்கள். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இவை உதவும்.

முதல் நாளே சூத்திரங்கள் எல்லாம் இரண்டு முறை வந்தன. ஒன்று ஏறக்குறையச் சரியாக, பக்கத்திலேயே இன்னொன்று தட்டையாக. என் கணக்கில்தான் ஏதோ தப்பு என்று ஒரு மாலை முழுவதும் கட்டளைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காரணம் வேறு. கேடெக் ஒவ்வொரு சூத்திரத்தையும் இரண்டு வடிவத்தில் எழுதுகிறது: கண்ணுக்கு ஒரு எச்டிஎம்எல், திரைவாசிப்பானுக்கு, கணிதத்துக்கென்றே உள்ள குறிமொழியான மேத்எம்எல் ஒன்று. இரண்டாவதை மறைத்து வைப்பது, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அதன் சிஎஸ்எஸ் கோப்பு. அந்தக் கோப்பை நான் இணைக்கவே இல்லை. இணைத்ததும் எல்லாம் சரியானது. உங்கள் பக்கத்தில் சூத்திரம் இரட்டையாக வந்தால், வேறெதையும் பார்க்காமல் முதலில் இதைப் பாருங்கள். அந்தச் சிஎஸ்எஸ் கோப்பும் கேடெக்கும் ஒரே பதிப்பாக இருப்பதும் முக்கியம்.

அடுத்தது அணிகள். நான் பாடங்களை மார்க்டவுனில், அதாவது எளிய குறிகள் போட்டு எழுதினால் இணையப் பக்கமாக மாறும் முறையில், எழுதுகிறேன். இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றை எழுதிச் சேமித்தால், நாலு எண்ணும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்தன. டெக்கில் அடுத்த வரிசைக்குப் போக இரண்டு பின்சாய்கோடு போடவேண்டும். மார்க்டவுனோ, இரண்டு பின்சாய்கோட்டைக் கண்டால் அதை ஒன்றாக்கிவிடும். கேடெக்கின் கைக்குப் போவதற்குள்ளேயே வரிசை பிரிக்கும் குறி பாதியாகிவிட்டது. அடிக்கோடும் அப்படித்தான்: கீழ்க்குறிக்காகப் போட்ட இரண்டு அடிக்கோடுகளுக்கு நடுவே உள்ளதைச் சாய்வெழுத்தாக்கிவிடும் மார்க்டவுன் நிரல்கள் உண்டு. மார்க்டவுன் தன் வேலையை ஆரம்பிக்கும் முன்பே கணிதப் பகுதியைத் தனியே பிரித்தெடுக்கும் ஒரு செருகு நிரலைச் சேர்த்த பிறகுதான் தொல்லை தீர்ந்தது.

டாலர் குறியையும் சொல்லிவிடுகிறேன். டெக் பழகியவர்கள் வரிக்குள் வரும் சூத்திரத்துக்கு இரண்டு பக்கமும் ஒற்றை டாலர் போடுவார்கள். மேத்ஜாக்ஸும் சரி, கேடெக்கின் தானியங்கி இணைப்பும் சரி, அதைத் தாமாக ஏற்பதில்லை. ஒரே பத்தியில் இரண்டு பணத் தொகைகள் வந்தால் நடுவில் உள்ள சொற்கள் எல்லாம் சூத்திரமாகிவிடுமே, அதற்காகத்தான். அமைப்பில் ஒரு வரி சேர்த்து வரவழைத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. வேகத்துக்கான சூத்திரத்தை எழுத்துக் குறிகளால் எழுதாமல், வேகம் = தூரம் / நேரம் என்று சொற்களாலேயே பின்னமாகக் காட்ட விரும்பினேன். சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் முதலில் சொல்லித் தரவேண்டும். சொற்களை உரைக்கான கட்டளைக்குள் போட்டால் கேடெக் தமிழைக் காட்டுகிறது. ஆனால் தமிழ் எழுத்துகளின் அளவுகள் அதனிடம் இல்லை. தெரியாத எழுத்து ஒவ்வொன்றையும் ஆங்கிலப் பெரிய எம் எழுத்தின் அளவாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எம் எழுத்துக்குக் கீழே தொங்கும் பகுதி கிடையாது. தமிழுக்கு உண்டு. 'தூரம்' என்ற சொல்லில் தூ-வின் சுழி கீழே இறங்குகிறது. பின்னத்தின் மேல்பகுதியில் அதை வைத்தால் சுழி கோட்டின்மேல் போய் இடிக்கிறது. வரிக்குள் வரும் சிறிய பின்னத்தில் இன்னும் மோசம். மேல்பகுதிக்குள் ஆழம் மட்டும் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு தூண் கட்டளையைச் சேர்த்துக் கோட்டைக் கீழே தள்ளிச் சமாளித்தேன். ஒவ்வொரு இடத்திலும் கையால் செய்யவேண்டிய வேலை இது. தமிழில் கணிதம் எழுதுபவர்கள் கூடக் கூட, இந்த அளவுகளையும் யாராவது அளந்து சேர்ப்பார்கள் என்று மனதார எதிர்பார்க்கிறேன்.

அளவு பற்றிப் பேசும்போதே: கேடெக் தன் எழுத்தைச் சுற்றியுள்ள உரையைவிட 1.21 மடங்கு பெரிதாக வைக்கிறது. ஆங்கிலப் பத்தியில் அது பொருந்தலாம். என் பக்கத்தின் தமிழ் எழுத்துருவோடு சூத்திரங்கள் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தன. சிஎஸ்எஸ்-ல் 1.1 ஆக்கிக்கொண்டேன், கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

நீண்ட சமன்பாடுகள் போன் திரையில் வலது பக்கம் வெளியே ஓடிவிடும். தனிவரியில் வரும் சூத்திரத்தைக் கேடெக் தானாக மடிக்காது. மேத்ஜாக்ஸின் நான்காம் பதிப்பு மடிக்கிறது. இந்த இடத்தில் அது தெளிவாக முன்னே நிற்கிறது. நான் அந்தச் சூத்திரப் பெட்டியை மட்டும் பக்கவாட்டில் நகரும்படி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் விரலால் தள்ளிப் படித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் சமக்குறிக்கு இடப்பக்கம் என்ன இருந்தது என்று பார்க்கத் திரும்பவும் தள்ளவேண்டியிருக்கிறது, அதனால் முடிந்தவரை நானே இரண்டு வரியாகப் பிரித்து எழுதிவிடுகிறேன்.

சமன்பாட்டுக்குப் பெயர் வைத்து, பிறகு "மேலே உள்ள சமன்பாடு 3-ன்படி" என்று தானாக இணைப்புக் கொடுக்கும், டெக்கின் மேல் கட்டிய லேடெக்கில் உள்ள வசதியும் கேடெக்கில் இல்லை. எண்ணை நானே கையால் போடுகிறேன். பள்ளிப் பாடத்துக்கு இது சுமை ஆகாது. நூறு சமன்பாடுகள் உள்ள ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் என்றால், தயங்காமல் மேத்ஜாக்ஸுக்குப் போங்கள். வேதியியல் சமன்பாடு எழுதுபவர்களுக்கு இரண்டிலும் எம்எச்கெம் நீட்சி இருக்கிறது, அதைத் தேர்வுக்குக் காரணமாக வைக்க வேண்டாம்.

அப்புறம், கோப்புகளை எங்கே வைப்பது? இருபது எழுத்துருக்களோடு கேடெக்கை என் தளத்திலேயே வைத்திருக்கிறேன். உலாவி தேவையானதை மட்டும் இறக்கிக்கொள்ளும், அதனால் இருபது என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேத்ஜாக்ஸின் சொந்த விநியோக சர்வர் 2017 ஏப்ரல் 30-ல் மூடப்பட்டது. முன்னரே அறிவித்து, மாற்று இடத்துக்கும் வழிகாட்டித்தான் செய்தார்கள். இருந்தாலும் அதைப் படித்த நாளிலிருந்து, பத்து வருடம் இருக்கவேண்டிய பாடத்தின் எலும்புக்கூட்டை இன்னொருவர் முகவரியில் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இனி, என்னை இந்தத் தேடலில் இறக்கிய மாணவனிடம் வருகிறேன். முதல் பாடத்தைக் கேடெக்குக்கு மாற்றியதும் அவனுக்குத்தான் அனுப்பினேன். கணினியில் அவனுடைய திரைவாசிப்பான் மேத்எம்எல்லைப் பிடித்துக்கொண்டு, பின்னம் ஆரம்பம், ரூட் ஆரம்பம், ரூட் முடிவு, கீழே இரண்டு ஏ, பின்னம் முடிவு என்ற வகையில் வாசித்தது. பதினைந்து வருடமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கும் சூத்திரத்தை இவ்வளவு சந்தேகமில்லாமல் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போனில்தான் சிக்கல் வந்தது. அவன் திரையை விரலால் தடவித் தடவிப் படிப்பவன். கேடெக் காட்டும் எச்டிஎம்எல் வடிவம் திரைவாசிப்பானுக்குத் தெரியாதபடி குறிக்கப்பட்டிருக்கிறது. வாசிக்கவேண்டிய மேத்எம்எல்லோ ஒரு புள்ளியளவு இடத்துக்குள் மறைந்திருக்கிறது. சூத்திரம் தெரியும் இடத்தில் விரலை வைத்தால் அங்கே ஒன்றும் இல்லை. வரிசையாக ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கிடைக்கிறது, நேராகத் தொட்டால் கிடைப்பதில்லை. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்ததன் விளைவு இது.

இரண்டையும் ஒன்றாக்கும் வழி மேத்எம்எல்தான். அது புதிதல்ல. 1998-லேயே இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதன் முதல் பதிப்பைப் பரிந்துரையாக வெளியிட்டது. பயர்பாக்ஸ் வெகுகாலமாக அதைக் காட்டுகிறது, சபாரியும் காட்டுகிறது. குரோமில் 2013-ல் ஒரு பதிப்பில் வந்து, அடுத்த பதிப்பிலேயே நீக்கப்பட்டது. இகாலியா நிறுவனத்தாரின் நீண்ட உழைப்பால் 2023 ஜனவரியில், 109-ஆம் பதிப்பில் திரும்பி வந்தது. ஆக, இன்று பெரும்பாலானவர்கள் வைத்திருக்கும் உலாவி எந்த நிரலின் துணையும் இல்லாமல் ஒரு வர்க்கமூலத்தைத் தானே வரையும்.

மேத்எம்எல்லைக் கையால் எழுத முடியாது. ஒரு சிறு பின்னத்துக்கே அரைப் பக்கம் குறிகள் வரும். அதற்கும் கேடெக்கே கைகொடுக்கிறது. வெளியீடு மேத்எம்எல் மட்டும் போதும் என்று ஓர் அமைப்பு அதில் உண்டு. என் டெக் கட்டளைகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், அந்த ஒன்றை மாற்றிப் பக்கங்களைத் திரும்பத் தயாரித்தேன். இதற்காகவே எழுதப்பட்ட டெம்எம்எல் என்ற நூலகமும் இருக்கிறது. மேத்எம்எல்லிலேயே முழுதாக இறங்க நினைப்பவர்கள் அதையும் பார்க்கலாம்.

அழகில் கொஞ்சம் இழப்பு இருக்கிறது, மறைக்க மாட்டேன். மேத்எம்எல்லை வரைய உலாவிக்குக் கணித அட்டவணை உள்ள எழுத்துரு வேண்டும். அது கருவியில் இல்லாவிட்டால் உயரமான அடைப்புக்குறியும் ரூட்டும் சரியாக நீளாது. லேட்டின் மாடர்ன் மேத் எழுத்துருவை என் பக்கத்தோடு சேர்த்து அனுப்புகிறேன், பெரும்பாலும் சரியாகிவிட்டது. உலாவிக்கு உலாவி இடைவெளி இம்மி அளவு மாறத்தான் செய்கிறது. ஆனால் தமிழ்ச் சொல் உள்ள பின்னத்தில் ஒரு பெரிய நன்மை: உலாவி எழுத்துருவின் உண்மையான ஆழத்தையே எடுத்துக்கொள்வதால், தூ-வின் சுழி இப்போது கோட்டில் இடிப்பதில்லை. தூண் கட்டளைகளை எல்லாம் எடுத்துவிட்டேன்.

யாராவது கேட்டால் நான் சொல்வது: எழுதுவதற்குக் கேடெக். அச்சுப் புத்தகம் போன்ற தோற்றம் எல்லாக் கருவியிலும் ஒரேபோல வேண்டும் என்றால் அதன் வழக்கமான வெளியீடு. உங்கள் வாசகர்களில் ஒருவராவது காதாலோ விரலாலோ படிப்பவர் என்றால் மேத்எம்எல் வெளியீடு. உங்களுக்குத் தெரியாமலே அப்படி ஒருவர் இருக்கலாம், எனக்கு இருந்ததுபோல.

போன வாரம் புதுப் பாடம் ஒன்றைப் போட்டேன். அன்று இரவே அவனிடமிருந்து செய்தி வந்தது. "டீச்சர், மூணாவது கணக்குல ரூட் நாலு ஏ-வோட முடிஞ்சிருது. சி வெளியில நிக்குது. உள்ளதானே இருக்கணும்?" திறந்து பார்த்தேன். அடைப்பை ஓர் எழுத்துக்கு முன்னாலேயே மூடியிருந்தேன். ரூட்டின் மேல்கோடு ஏ-வோடு நின்றிருந்தது; வெளியிடும் முன் இரண்டு முறை கண்ணால் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அடைப்பை சி-க்கு அப்பால் நகர்த்திச் சேமித்துவிட்டு, "இப்போ கேட்டுப் பாருப்பா" என்று பதில் அனுப்பினேன்.